கதவும் காற்றும்: மும்பைப் புறநகர் ரயில்பெட்டிகளின் நூறாண்டு

முன்னுரை

நெடுந்தூர ரயிலில் போகிறவருக்குப் படுக்கை வேண்டும், கழிப்பறை வேண்டும், பெட்டி வைக்க இடம் வேண்டும். புறநகர் ரயிலில் போகிறவர் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடுவார். அவருக்கு முதலில் வேண்டியது ஏறி இறங்க வழி. வண்டி ஒரு நிலையத்தில் பெரும்பாலும் அரை நிமிடம்தான் நிற்கிறது. பெட்டியின் அகலம், இருக்கை வரிசை, கதவு ஆகிய மூன்றையும் முடிவு செய்வது அந்த அரை நிமிடமே. மும்பையில் திறந்த கதவு ஏன் இத்தனை காலம் நிலைத்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கதவை மூடும் சிக்கல் உண்மையில் காற்றைப் பற்றிய சிக்கல் என்பதே இதன் கருத்து.

மின்தொடரின் வருகை

1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினஸுக்கும் குர்லாவுக்கும் இடையே இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியது. 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடிய அந்த வண்டிக்கு நான்கு பெட்டிகள். 1928 ஜனவரியில் கொலாபா–போரிவலி தடமும் மின்மயமானது. நீராவி வண்டி முனையத்தை அடைந்ததும் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்ட வேண்டும். இ.எம்.யூ. எனப்படும் மின்தொடர் வண்டிக்கு அந்த வேலையில்லை. இருமுனையிலும் ஓட்டுநர் அறை உண்டு, மோட்டார் பெட்டிக்கு அடியிலேயே உண்டு. வந்த வண்டி சில நிமிடங்களில் திரும்பிவிடும். அடுத்தடுத்து வண்டி விட முடிந்ததற்கு இதுவே அடிப்படை.

அகலம், நீளம், மாடி

நெடுந்தூரப் பெட்டியின் அகலம் சுமார் 3.25 மீட்டர், மும்பை மின்தொடர்ப் பெட்டியின் அகலம் 3.66 மீட்டர். இந்த 40 சென்டிமீட்டரால், நடுவழியின் இருபுறமும் மூவர் மூவராக உட்கார இடம் கிடைத்தது. மூவர் இருக்கையின் ஓரத்தில் நான்காமவருக்கும் நகர்ந்து இடம் கொடுப்பது மும்பைப் பயணிகள் தாங்களே வகுத்துக்கொண்ட மரபு. அகலத்துக்கு எல்லை வந்தபின் நீளம் கூடியது. ஒன்பது பெட்டி வண்டி 1986 முதல் பன்னிரண்டாகவும், 2009 முதல் சில தடங்களில் பதினைந்தாகவும் வளர்ந்தது. ஒவ்வொரு முறையும் நடைமேடைகளை நீட்ட வேண்டியிருந்தது.

மாடிப்பெட்டி ஏன் வரவில்லை? கனடாவின் டொரான்டோவில் 1970களின் பிற்பகுதியில் வந்த மாடிப்பெட்டியில் 162 இருக்கைகள் உண்டு. பக்கத்துக்கு இரண்டே கதவுகள். எல்லோரும் உட்கார்ந்து போகும் ஊருக்கு அது பொருந்தும். நின்று செல்பவரே மிகுதியான மும்பையில் படியேறி இறங்கும் நேரம் அந்த அரை நிமிடத்தை விழுங்கிவிடும்.

காற்று என்னும் கணக்கு

மும்பையின் உச்சநேர நெரிசலைக் குறிக்க ரயில்வே தனி வரையறையே வகுத்துக்கொண்டது: ஒரு சதுர மீட்டரில் 14 முதல் 16 பேர் நிற்கும் நிலை. இந்த நெரிசலில் சன்னல் காற்று உள்ளே நிற்பவரை எட்டுவதில்லை. வாசலில்தான் மூச்சுவிட முடிகிறது. வாசலில் தொங்குகிறவரை அடங்காதவர் என்று பழிப்பது எளிது. அவர்களில் பலர் உள்ளே இடமின்றியும் காற்றின்றியும் அங்கு தள்ளப்பட்டவர்கள்.

இந்த உண்மையைப் பெட்டி வடிவமைப்பு நேராக ஏற்றுக்கொண்டது 2007இல்தான். உலக வங்கிக் கடனுடன் நடந்த மும்பை நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டத்துக்காகச் சென்னை பெரம்பூரின் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை கட்டிய பெட்டிகளின் கூரையில் வெளிக்காற்றை உள்ளே செலுத்தும் கருவிகள் அமைந்தன. மின்னமைப்பு சீமென்ஸ் நிறுவனத்துடையது. மும்பைத் தடங்கள் அப்போது 1,500 வோல்ட்டிலிருந்து 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாறிக்கொண்டிருந்ததால், இரண்டிலும் ஓடும்படி அவை அமைந்தன.

மூடிய கதவு

2017 டிசம்பர் 25 அன்று தானியங்கிக் கதவுள்ள முதல் குளிர்சாதன மின்தொடர் ஓடியது. அதன் உயரம் மத்திய ரயில்வேயின் தாழ்வான மேம்பாலங்களுக்கு ஒவ்வாததால் மேற்கு ரயில்வேக்குச் சென்றது. பெட்டியின் தெரிவைப் பாலமும் முடிவு செய்யும் என்பதற்கு இது சான்று. கட்டணமும் தடையாயிற்று. 2022இல் ஒற்றைப் பயணக் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்த பின்னரே கூட்டம் பெருகியது.

2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா அருகே, ஓடும் ரயில்களின் வாசலில் தொங்கிச் சென்றவர்கள் விழுந்து சிலர் உயிரிழந்தனர். அதையடுத்துக் குளிர்சாதனம் இல்லாத பெட்டிக்கும் தானியங்கிக் கதவு அமைக்க ரயில்வே முடிவெடுத்தது. அறிவித்த வடிவமைப்பில் மூன்று கூறுகள்: காற்றுப் புகும் சட்டங்கள் கொண்ட கதவு, கூரைவழிக் காற்றோட்டம், ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்கு நடந்து செல்ல இணைப்புவழி. மூன்றில் இரண்டு காற்றுக்கானவை. மூன்றாவது நெரிசலைப் பகிர்வதற்கானது.

முடிவுரை

நூறாண்டுகளில் பெட்டி அகன்றது, நீண்டது, வேகம் கூடியது. அளவுகோல் மட்டும் நெடுங்காலம் ஒன்றாகவே இருந்தது: எத்தனை பேர், எத்தனை நொடியில். ஆளுக்கு எவ்வளவு காற்று என்ற கேள்வி அதனுடன் தொடக்கத்திலேயே எழுந்திருந்தால், கதவு இவ்வளவு காலம் திறந்து கிடந்திருக்க வேண்டியதில்லை. புதிதாகப் புறநகர் ரயில் அமைக்கும் எந்த நகரமும் பெட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது, வாசலில் நிற்பவரை அல்ல, நெரிசலின் நடுவே நிற்பவரை முதலில் நினைக்க வேண்டும். அவருக்கு மூச்சு கிடைத்தால்தான் வாசலில் நிற்பவர் உள்ளே வருவார். அப்போதுதான் கதவை மூட முடியும்.