திக்கும் துப்பாக்கி

இந்த முறை கொஞ்சம் வித்தியாசமான தலைப்பு. பி.காம் படிக்கிறவனுக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பொறுமையாகப் படியுங்கள், நடுவில் ராயல்டி, காப்புரிமை, மானியம் எல்லாம் வரும்.

நம்ம கொங்கு நாட்டில் தோட்டம் துரவு உள்ள பழைய குடும்பங்கள் சிலவற்றில் உரிமம் வாங்கிய ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கி இருக்கும். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு வேட்டை போய்விட்டது. தேர்தல் அறிவித்தால் காவல் நிலையத்தில் கொண்டுபோய் ஒப்படைப்பது, முடிந்ததும் திரும்ப வாங்கி வருவது, இதுதான் இப்போது அதன் முக்கியமான வேலை. அந்த ரெட்டைக்குழல் பெரும்பாலும் மக்கர் பண்ணாது. ஏனென்றால் அதில் ஓடுகிற பாகமே குறைவு. நீங்களே மடக்கி, காலிக் கூட்டை எடுத்து, புதுத் தோட்டாவைப் போட வேண்டும். மக்கர் பண்ணுவது தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரகம். ஒரு தடவை சுட்டதும் காலிக் கூடு பாதி வெளியே, பாதி உள்ளே மாட்டிக்கொண்டு நிற்கும். பேச வந்தவன் முதல் எழுத்திலேயே திக்கி நிற்பது மாதிரி.

ஏன் இப்படி? இதைப் புரிந்துகொள்ள சோமனூர், பல்லடம் பக்கம் ஓடும் விசைத்தறியைப் பார்த்தால் போதும். நாடா ஒரு பெட்டியிலிருந்து அடிபட்டுக் கிளம்பி எதிர்ப் பெட்டிக்குப் போய்ச் சேர வேண்டும். அடி குறைந்தால் போய்ச் சேராது, தறி டக்கென்று நின்றுவிடும். அடி அதிகமானால் நாடா பெட்டியில் மோதித் துள்ளும், கட்டைகள் தேயும். தானியங்கித் துப்பாக்கியும் அப்படித்தான். சுடும்போது வருகிற விசையில் ஒரு பங்கை வைத்துத்தான் பூட்டைத் திறந்து, காலிக் கூட்டை வெளியே தள்ளி, சுருளை அழுத்தி, அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்ற வேண்டும். அந்தப் பங்கு கொஞ்சம் குறைந்தால் வேலை பாதியில் நிற்கும். கூடினால் துப்பாக்கியே அடி வாங்கும்.

இதை முதன்முதலில் சந்தையில் வெற்றிகரமாகச் சாதித்துக் காட்டியவர் அமெரிக்காவின் ஜான் பிரௌனிங். அவருடைய தானியங்கி ஷாட்கன்னுக்கு 1900-ல் காப்புரிமை கிடைத்தது. குழலும் அதன் பின்னால் இருக்கும் போல்ட்டும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு, தோட்டாவின் நீளத்துக்கும் மேலாகப் பின்னால் ஓடும். பிறகு குழல் மட்டும் முன்னால் போகும், அந்த இடைவெளியில் காலிக் கூடு வெளியே விழும். கடைசியாகப் போல்ட் அடுத்த தோட்டாவோடு முன்னே போய்ப் பூட்டும்.

இங்கேதான் நம்ம பாடம் வருகிறது. அதுவரை பிரௌனிங் தன் கண்டுபிடிப்புகளை வின்செஸ்டர் நிறுவனத்துக்கு மொத்தத் தொகைக்கு விற்றுவந்தார். இந்தத் துப்பாக்கிக்கு மட்டும் விற்கிற ஒவ்வொன்றுக்கும் ராயல்டி கேட்டார். வின்செஸ்டர் முடியாது என்றது. அடுத்து 1902 ஜனவரியில் ரெமிங்டன் தலைவரைப் பார்க்கப் போனார். அவர் உள்ளே வரச் சொல்லுமுன்பே மாரடைப்பில் இறந்துபோனார். மனுஷன் சலிக்கவில்லை, கப்பல் ஏறி பெல்ஜியத்துக்குப் போய் எஃப்.என். நிறுவனத்திடம் கொடுத்துவிட்டார். பிறகு ஆட்டோ-5 என்று பெயர் பெற்ற அந்தத் துப்பாக்கி 1998 வரை தயாரிப்பில் இருந்தது. ரெமிங்டனும் 1905-லிருந்து உரிமம் வாங்கிச் செய்தது. ராயல்டியை மிச்சப்படுத்திய வின்செஸ்டர் என்ன சம்பாதித்தது என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

ஆட்டோ-5-ல் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன எஃகு வளையம். முன்கைப் பிடிக்குள் தோட்டாக் குழாயைச் சுற்றி ஒரு பெரிய சுருள் இருக்கும். அதற்கு முன்னால் வெண்கலத்தில் ஓர் உராய்வுத் துண்டு. பலமான தோட்டா போடுகிறீர்களா? வளையத்தைச் சுருளுக்கும் வெண்கலத் துண்டுக்கும் நடுவில் வையுங்கள். அது துண்டை இறுக்கிப் பிரேக் மாதிரி பிடிக்கும். லேசான தோட்டாவா? வளையத்தைக் கழற்றிச் சுருளுக்குப் பின்னால் கொண்டுபோய் வையுங்கள். பிரேக் தளரும். அவ்வளவுதான்! லேசான தோட்டாவுக்குப் பலமான அமைப்பு வைத்தால் குழல் முழுத் தூரம் ஓடாது, துப்பாக்கி திக்கும். மாற்றி வைத்தால் திக்காது, ஆனால் தோளில் உதைக்கும், முன்கைப் பிடி மரம் விரிசல் விடும். எண்ணெய் அதிகமாகப் போட்டாலும் பிரேக் வழுக்கும். குழாய் துருப்பிடித்தால் மறுபடி திக்கும். துப்பாக்கி கெட்டுவிட்டது என்று பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுமுன் அந்த வளையம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

அதாவது, துப்பாக்கி, தோட்டா, பராமரிப்பு என்று மூன்று பேர் போட்ட ஒப்பந்தம் இது. எந்தத் தோட்டா வாங்குவார்கள் என்பது தன் கையில் இல்லை என்று பிரௌனிங்குக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் சரிசெய்யும் வழியை வாங்கியவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

இப்போது வின்செஸ்டருக்கு வருவோம். பிரௌனிங்கின் காப்புரிமையில் சிக்காமல் அது 1911-ல் ஒரு தானியங்கி ஷாட்கன் கொண்டுவந்தது. போல்ட்டை இழுக்கும் கைப்பிடி வைக்க முடியவில்லை, காப்புரிமை தடுத்தது. குழலையே பிடித்துப் பின்னால் தள்ளித் திறக்க வேண்டும். அந்தக் காலத்துத் தோட்டாவுக்குக் காகிதக் கூடு. ஈரம் பட்டால் உப்பிக்கொண்டு உள்ளே சிக்கிக்கொள்ளும். (வால்பாறை மழையில் அந்தக் காகிதத் தோட்டா என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!) சிக்கியதை எடுக்கக் கட்டையைத் தரையில் ஊன்றி, குழலை இரண்டு கையால் கீழே அமுக்கினார்கள். வாய் முகத்தைப் பார்த்திருக்கும். சிலர் அப்படியே செத்தார்கள். 'விதவையாக்கி' என்று பட்டப்பெயர் வந்தது. 1925-ல் தயாரிப்பை நிறுத்தினார்கள். ராயல்டி கொடுத்திருந்தால் மலிவாக முடிந்திருக்கும்.

பிறகு வந்தவை வாயுவில் ஓடுபவை. குழலில் ஒரு சின்னத் துளை போட்டு, வெடிக்கும் வாயுவில் கொஞ்சத்தைத் திருப்பி ஒரு பிஸ்டனைத் தள்ள வைப்பார்கள். 1963-ல் வந்த ரெமிங்டன் 1100 இந்த வகை. இதில் ஒரு ரப்பர் வளையம் கிழிந்தாலே வாயு கசிந்து துப்பாக்கி நின்றுவிடும். துளையில் கரி அடைத்தாலும் அதே கதி. ராணுவ ரைபிள்களும் பெரும்பாலும் வாயுவில்தான் ஓடுகின்றன. வியட்நாமில் அமெரிக்காவின் எம்-16 திக்கியதற்கு, மருந்தின் வகையை மாற்றியதும், துடைக்கும் கருவிகள் போதுமான அளவில் கொடுக்காததும் முக்கியக் காரணங்கள் என்று 1967-ல் அவர்கள் நாடாளுமன்றக் குழுவே விசாரித்து எழுதியது.

நம் நாட்டுக் கதை இன்சாஸ். புனேயில் வடிவமைத்த 5.56 மி.மீ. ரைபிள். இஷாப்பூரிலும் நம்ம திருச்சியிலும் தயாரானது. கரூர் தாண்டினால் திருச்சி, நமக்குப் பக்கத்து வீடு மாதிரிதான். அங்கே படைக்கலத் தொழிற்சாலை 1966-லிருந்து இருக்கிறது. 1999 கார்கில் போரில், குளிரில் பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விடுகிறது, சுடும்போது நடுவில் நின்றுவிடுகிறது என்று புகார்கள் வந்தன. அதைவிடப் பெரிய சண்டை 2005-ல். இந்தியா மானிய விலையில் நேபாள ராணுவத்துக்கு இன்சாஸ் கொடுத்திருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் காளிகோட் மாவட்டம் பிலி என்ற இடத்தில் மாவோயிஸ்டுகள் தாக்கியதில் 43 ராணுவத்தினர் இறந்தார்கள். நீண்ட நேரச் சண்டையில் ரைபிள் சரியாக வேலை செய்யவில்லை என்றது நேபாள ராணுவம். சரியாகப் பயன்படுத்தாததும் பராமரிக்காததும் காரணமாக இருக்கலாம் என்றது இந்தியத் தரப்பு.

என் அபிப்பிராயம்: இரண்டு பேர் சொன்னதும் உண்மையாக இருக்கலாம். வாயு ரைபிள் தொடர்ந்து சுட்டால் சூடாகும், கரி பிடிக்கும். இன்சாஸிலும் கையால் திருப்பி வாயு அளவை மாற்றும் திருகு இருக்கிறது, பிரௌனிங்கின் வளையம் செய்த அதே வேலைக்கு. ஆனால் நிதானமாகத் திருகை மாற்றுவதற்கு நள்ளிரவுச் சண்டை தறிக்கூடம் இல்லை. விற்றவர் வாங்கியவரைக் குறை சொல்வது வியாபாரத்தில் சகஜம், ஆனால் இங்கே பேரேட்டின் மறுபக்கத்தில் இருப்பது 43 உயிர். யார் பராமரிப்பைச் சொல்லிக் கொடுத்தார்கள், எத்தனை நாள், எந்தத் தோட்டாவோடு சோதித்தார்கள் என்பதெல்லாம் விலைப்பட்டியலில் வராத செலவு. அதை யார் கணக்கில் எழுதுவது?

கோவைக்கும் இந்தக் கேள்வி இப்போது பக்கத்தில் வந்துவிட்டது. 2018 பட்ஜெட்டில் அறிவித்த பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், சேலம், திருச்சியோடு கோவையும் ஒரு மையம். பம்ப்செட்டும் நூற்பு இயந்திரமும் செய்த பட்டறைகள் நாளைக்கு இந்தச் சுருளும் பிஸ்டனும் செய்யலாம்.

இன்னொரு விஷயம். படைக்கலத் தொழிற்சாலை வாரியம் 2021 அக்டோபரில் ஏழு நிறுவனங்களாகப் பிரிந்ததில், திருச்சி ஆலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் கீழ் போனது. ரைபிள்கள் செய்யும் அதே ஆலை, உரிமம் உள்ளவர்களுக்காக 12 போர் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கி ஒன்றும் செய்தது. வாயுவும் இல்லை, வளையமும் இல்லை. முன்கைப் பிடியைக் கையால் பின்னே இழுத்தால் காலிக் கூடு விழும், முன்னே தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். தோட்டா லேசாக இருந்தாலும் பலமாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை, இழுப்பது உங்கள் கைதானே :-)