பெயர் மாறியது, பழி மாறியதா?

மனநோய்க்கு மருந்து கண்ட மனிதகுலம், அந்நோயின்மேல் தானே சுமத்திய பழியை இன்னும் முற்றாக இறக்கிவைக்கவில்லை. சிங்கப்பூர் மனநல மருத்துவமனையின் வரலாறே இதற்குச் சான்று.

தொடக்கத்தில் இங்கு மனநோயாளிகள் சிறையில் அடைக்கப்பட்டனர். அங்கே ஒரு நோயாளி மற்றொருவரைக் கொன்ற பின்னரே, 1841-ஆம் ஆண்டில், பிராஸ் பாசா சாலையும் பென்கூலன் தெருவும் சந்திக்குமிடத்தில் 30 படுக்கைகளுடன் தனி மருத்துவமனை எழுந்தது. 1860-களின் தொடக்கத்தில் அது கண்டாங் கெர்பாவ் பகுதிக்கு, நம்மவர் தேக்கா என்றழைக்கும் வட்டாரத்தை ஒட்டிய இடத்துக்குப் பெயர்ந்தது. 1887-இல் சிப்பாய் லைன்ஸ், 1928-இல் ஊருக்கு ஒதுக்குப்புறமான இயோ சூ காங் சாலை என அதன் பயணம் தொடர்ந்தது.

பைத்தியக்காரர் விடுதி, பின்னர் மனநோய் மருத்துவமனை எனப் பெயர்கள் மாறின. 1951-இல், அருகிலிருந்த மரப்பாலத்தை நினைவூட்டும் 'உட்பிரிட்ஜ்' என்னும் பெயர் சூட்டப்பட்டது. குற்றமற்ற அப்பெயரையும் நாம் ஏளனச் சொல்லாக்கினோம். 1993-இல் புவாங்கோக்குக்கு மாறி, மனநலக் கழகம் ஆயிற்று.

உண்மையான திருப்பம் பெயரால் வரவில்லை, மருந்தால் வந்தது. 1952-இல் பாரிஸ் மருத்துவர்கள் குளோர்புரோமசினின் பயனைக் கண்டறிந்தனர். மனச்சிதைவு நோயாளர் பலர் வீடு திரும்ப வழி பிறந்தது. மருத்துவமனையின் கதவு திறந்தபோது, பொறுப்பு குடும்பத்தின் வாயிலுக்கு வந்து நின்றது.

மனச்சிதைவு என்பது பேயன்று, பாவத்தின் பலனன்று, வளர்ப்பின் குறையுமன்று. இல்லாத குரல் கேட்பதும், காரணமற்ற ஐயம் கொள்வதும், பேச்சும் ஊக்கமும் குன்றி ஒதுங்குவதும் அதன் அறிகுறிகள். பெரும்பாலும் அது இளமையிலேயே தொடங்குகிறது. தங்கையின் திருமணம் தடைப்படுமே என்றஞ்சி அண்ணனின் நோயை மறைக்கும் குடும்பம், அவன் தேறக்கூடிய பொன்னான காலத்தையே இழக்கிறது. அந்தத் தாமதத்தைக் குறைக்கவே மனநலக் கழகம் 2001-இல் தொடக்கநிலைச் சிகிச்சைத் திட்டத்தை ஏற்படுத்தியது.

கேட்கும் குரல் பொய்யென்று நோயாளியோடு வாதிடுவதால் பயனில்லை. அவர் படும் அச்சம் மெய்யென்று உணர்தல் வேண்டும். சற்றே தேறியதும் மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்துதல் கூடாது. ஓயாத குறைகூறல் நிலவும் வீட்டில் நோய் மீண்டும் தலைதூக்குவது மிகுதி என ஆய்வுகள் கூறுகின்றன. பராமரிப்போரும் ஓய்வும் துணையும் தேடுதல் தன்னலமாகாது.

மருத்துவமனையின் பெயரை அரசு மாற்றலாம். அப்பெயரை நாம் உச்சரிக்கும் தொனியை நாமேதான் மாற்ற வேண்டும்.