பால்சா மர விமானம்: எந்த மூட்டுக்கு எந்தப் பசை?

மர விமானத்தில் ஒட்டு விட்டால் என்ன ஆகும்? 1944-இல் இந்தியாவில் பறந்த 'மஸ்கிட்டோ' போர் விமானங்கள் சில வானிலேயே உடைந்தன. ஒட்டுகளைச் சோதிக்க அந்த ரகமே தரையில் நிறுத்தப்பட்டது. 1940 முதல் விமானத் தொழிற்சாலை இயங்கும் பெங்களூருவில், மாடல் கிட் வாங்கும் மாணவர்களுக்கும் அதே பாடம்தான்.

வெள்ளைப் பசை (ஃபெவிகால் போன்றவை): இறக்கையின் குறுக்குச் சட்டங்களுக்கு ஏற்றது. மெதுவாகக் காய்வதால் நேராக்க நேரம் கிடைக்கும். வரைபடத்தின் மேல் பிளாஸ்டிக் தாள் விரித்து, ஊசி குத்தி, இரவு முழுக்க விடுங்க. மழைக்காலத்தில் இன்னும் நேரமாகும்.

இன்ஸ்டன்ட் பசை (ஃபெவிக்விக்): நொடியில் பிடிக்கும்; ஆனா அடிபட்டால் பட்டுனு விடும். இடைவெளியை நிரப்பாது. ஆவி கண்ணை எரிக்கும், ஜன்னலைத் திறந்து வைங்க.

எபாக்ஸி (அரால்டைட்): மோட்டார் பலகை, சக்கரக் கால், இறக்கையின் நடு மூட்டு போன்ற பளு தாங்கும் இடங்களுக்கு மட்டும். எடை அதிகம்.

எதுவானாலும் முதலில் பசையில்லாமல் பொருத்திப் பாருங்க. பசையை அள்ளிப் பூசினால் பலம் கூடாது, எடைதான் கூடும். பறக்கவிடும் முன் இறக்கையை மெல்ல வளைத்துப் பாருங்க. சத்தம் கேட்டால் அந்த மூட்டைத் திரும்ப ஒட்டணும்.