கைக்குள் அடங்கிய பரண்

சென்ற கோடை விடுமுறையில் என் பேரன் மேஜை இழுப்பறையைக் குடைந்துகொண்டிருந்தான். கறுப்புச் சதுரத் தட்டுகள் ஐந்து அகப்பட்டன.

"இது என்ன தாத்தா?"

"ஒரு நாவல்" என்றேன். அவன் நம்பவில்லை.

1994-ல் கம்ப்யூட்டரில் எழுதப் பழகிய புதிதில் அந்த ஃப்ளாப்பித் தட்டுகளில் பதித்துவைத்த நாவல் அது. அச்சில் வந்தது வேறு வடிவம். பதிப்பாசிரியருக்காக வெட்டிய பகுதிகளெல்லாம் இந்த ஐந்தில்தான் இருந்தன. பேரன் எங்கிருந்தோ ஒரு கருவியை இரவல் வாங்கி வந்தான். நான்கு தட்டுகள் திறந்துகொண்டன. ஐந்தாவதைச் செருகியதும், அதைப் புதிதாகத் தயார் செய்யட்டுமா என்று கம்ப்யூட்டர் வெகு மரியாதையாகக் கேட்டது. மரியாதைக்கு மரியாதையாக நானும் 'சரி' சொல்லப் போனேன். "ஐயோ, வேண்டாம் தாத்தா! இருக்கிறதும் போயிடும்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

இந்த ஃப்ளாப்பியின் பூர்வீகம் அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனி. 1971-ல் வெளிவந்த முதல் தட்டின் குறுக்களவு எட்டு அங்குலம். கொண்டதோ ஏறக்குறைய 80 கிலோபைட். பெரிய கம்ப்யூட்டர்களுக்கு உள்ளிருந்து இயக்கும் கட்டளைகளை ஊட்டுவதற்கென்று பிறந்த சங்கடை அது. பிறகுதான் சாமானியர்களின் கடிதமும் கணக்கும் அதில் ஏறின. சோனி கம்பெனி கொண்டுவந்த மூன்றரை அங்குலத் தட்டுதான் என் இழுப்பறையில் கிடந்தது. அதன் உற்பத்தியையும் அந்தக் கம்பெனி 2011-ல் நிறுத்திவிட்டது.

மீண்ட நான்கையும் பேரன் தபால்தலை அளவுள்ள ஓர் அட்டையில் ஏற்றிக் கொடுத்தான். அதற்குள் சுழலும் தட்டு இல்லை, காந்தம் இல்லை. மின்சாரத்தை நிறுத்தினாலும் எழுத்து அழிவதில்லை. இந்த அதிசயத்துக்குப் பின்னால் ஒரு மனிதரின் கதை இருக்கிறது.

ஜப்பானில் 1943-ல் பிறந்த ஃபுஜியோ மசுவோகா 1971-ல் டோஷிபா கம்பெனியில் சேர்ந்தார். நடுவில் விற்பனைப் பிரிவிலும் சில காலம் இருந்தார். அங்கே அவர் கற்ற பாடம், உயர்ந்த சரக்கைவிட மலிந்த சரக்கே விலைபோகும் என்பது. அந்த நாளில் மின்சாரத்தால் அழித்து எழுதும் நினைவுச் சில்லுகள் இருந்தன. ஆனால் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியே அழிக்க வேண்டியிருந்ததால், ஒவ்வோர் அறைக்கும் இரண்டு டிரான்ஸிஸ்டர்கள் தேவைப்பட்டன. மசுவோகா வேறு விதமாக யோசித்தார். பள்ளிக்கூடத்துச் சிலேட்டில் ஒவ்வோர் எழுத்தாகவா விரலால் தேய்க்கிறோம்? கோவை இலையால் ஒரே துடைப்பு! அப்படிக் கூட்டமாக அழித்தால் ஓர் அறைக்கு ஒரு டிரான்ஸிஸ்டர் போதும். ஒவ்வோர் அறையிலும் மின்துகள்களைக் கடத்தாப் பொருளால் நாற்புறமும் சுவரெழுப்பிச் சிறை வைப்பதுதான் எழுதுவது. சுவர் இருக்கும்வரை எழுத்தும் இருக்கும். (ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தச் சிறையிலிருந்தும் கைதிகள் கசிந்து வெளியேறத்தான் செய்கிறார்கள்.)

ஒரேயடியாக அழியும் வேகம் காமிராவின் மின்வெட்டொளியை நினைவூட்டியதால், உடன் வேலை பார்த்த ஷோஜி ஆரிஸுமி இதற்கு 'ஃப்ளாஷ்' என்று பெயர் சூட்டினார். 1984 டிசம்பரில் ஸான் பிரான்ஸிஸ்கோவில் நடந்த பொறியியல் மகாநாட்டில் மசுவோகா இதை வெளியிட்டார். 1987-ல் அவர் குழு வெளியிட்ட 'நாண்ட்' என்ற இரண்டாவது வகையே இன்றைய அட்டைகளுக்கு மூலம்.

ஆனால் சந்தையில் முந்திக்கொண்டது அமெரிக்காவின் இன்டெல். கண்டுபிடித்தவருக்குச் சொந்த வீட்டில் கிடைத்த கௌரவமோ சொற்பம். 1994-ல் அவர் டோஷிபாவை விட்டு டோஹோகு பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போய்விட்டார். அதன்பின் 1999-ல் டோஷிபா, மட்ஸுஷிடா, ஸான்டிஸ்க் என்ற மூன்று கம்பெனிகள் கூடி எஸ்.டி. அட்டையை அறிவித்தன. உலகமே அதை வாங்கியது. 2004-ல் மசுவோகா பழைய எஜமானர்மீது வழக்குத் தொடுத்தார். 2006-ல் 8 கோடியே 70 லட்சம் யென்னுக்குச் சமரசம் ஆயிற்று. பெரிய தொகைதான், அந்த வியாபாரத்தின் அளவுக்கு முன்னால் அது பெரிதாக எனக்குத் தோன்றவில்லை.

அட்டையின் ஓரத்திலிருந்த சிறு தாழ்ப்பாளைக் காட்டி, "இதைத் தள்ளினா யாரும் அழிக்க முடியாது" என்றான் பேரன். பிறகு படித்துப் பார்த்தேன்: அந்தத் தாழ்ப்பாளுக்கும் உள்ளே இருக்கும் சில்லுக்கும் சம்பந்தமே இல்லை! அதைக் கண்டு கையைக் கட்டிக்கொள்ள வேண்டியது படிக்கும் கருவியின் பொறுப்பு. வாசலில் 'உள்ளே வராதே' என்று பலகை தொங்கவிடுவது போலத்தான்.

இன்னொன்றும் அவனிடம் கற்றேன். எழுதி முடிந்தது போலத் தோன்றினாலும் அட்டையை வெடுக்கென்று பிடுங்கக் கூடாது. கம்ப்யூட்டர் ஒரு பழைய கணக்குப்பிள்ளை. சில்லறைச் சீட்டுகளை மடியில் முடிந்துகொண்டு, சாவகாசமாகத்தான் பேரேட்டில் ஏற்றும். உத்தரவு கேட்டுக்கொண்டு எடுத்தால் மடியை உதறிவிட்டு விடைகொடுக்கும். கேளாமல் எடுத்தால் ஏட்டின் பொருளடக்கமே கிழிந்துபோகலாம்.

நான்கு தட்டுகளின் எழுத்தும் இப்போது அந்த அட்டையில் ஒன்று, பேரனிடம் ஒன்று, காகிதத்தில் ஒன்று என மூன்று இடங்களில் இருக்கின்றன. ஐந்தாவது தட்டு இழுப்பறையிலேயே கிடக்கிறது. தீபாவளிக்கு வரும்போது வேறு கருவி கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான். அதுவரை அதை யாரும் தொடக் கூடாது என்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு.