இருட்டு வளர்த்த முளைப்பாரி

முளைப்பாரி பாத்திருக்கீங்களா? அம்மன் திருவிழாவுல பெண்கள் தலையில சுமந்துட்டுப் போற, வெளுத்து நீண்ட பயிர். இருட்டறையில் வளர்ப்பதால்தான் அந்த நிறமும் உயரமும்.

ஏன் இப்படி ஆகுது? ஜெனீவாவின் சார்ல் போனே பட்டாணியை வைத்துச் சோதித்தார். கண்ணாடிக் குழாய்க்குள் வளர்ந்தது பச்சையாக இருந்தது. மரக் குழாய்க்குள் வளர்ந்தது வெளுத்து நீண்டது. அப்போ காரணம் காற்று இல்ல, வெளிச்சம். 1754இல் இது நூலாக வந்தது. அப்போ கோட்டுச்சேரிமேடு உள்ளிட்ட நம்ம காரைக்கால் பகுதி பிரெஞ்சுக்காரர் கையில இருந்துச்சு. 1954இல்தான் அவங்க கிளம்பினாங்க.

விதையில இருக்கும் சேமிப்பை வெளிச்சம் தேடியே நாற்று செலவழிக்குது. அதனால அந்த உயரம் ஆரோக்கியம் இல்ல. வெயிலின் புறஊதா-பி கதிரோ தண்டைக் குட்டையாக்கும். அதைச் செடியில் உணரும் புரதம் எதுன்னு 2011இல்தான் தெரிஞ்சது. ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரைப் பெருமளவு தடுத்துடும். உங்க ஃபிளாட்டுல தக்காளி நாற்று ஒல்லியா நீளுதா? உரத்தைத் தேடாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா வெயிலுக்குப் பழக்குங்க.

போனே பெயரை வரலாறு எழுதி வச்சிருக்கு. எவ்வளவு இருட்டு, எத்தனை நாள்னு கணக்கு வச்சு முளைப்பாரி போட்ட பெண்கள் பெயரை யாரும் எழுதல. விளக்கம் அவருடையது, கைப்பக்குவம் இவங்களோடது. எனக்கு ரெண்டுமே அறிவுதான்.