நூலாசிரியரிடம் என்ன கேட்பது? பாயிரத்திலிருந்து ஒலிவாங்கி வரை



ஒரு நூலாசிரியரை அழைத்து, அவருடைய நூலைப் பற்றியும் அவரை எழுத வைத்த நூல்களைப் பற்றியும் கதைப்பது இன்று எல்லா வானொலிகளிலும் நடக்கின்ற ஒன்று. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மேல்நாட்டுப் பத்திரிகைகளிலிருந்து என்று பலர் சொல்வார்கள். அது பாதிதான் சரி. நூலாசிரியரிடம் என்னென்ன கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்குத் தமிழில் மிகப் பழைய பட்டியல் ஒன்று உண்டு. அதன் பெயர் பாயிரம்.

தொல்காப்பியத்தைத் திறந்தவுடன் நாம் காண்பது தொல்காப்பியரின் சொற்களை அல்ல. அவருடன் கற்றவர் என்று மரபு சொல்லும் பனம்பாரனார் எழுதிய சிறப்புப் பாயிரத்தையே முதலில் காண்கிறோம். தமிழ் வழங்கும் நிலம் எது, நூல் எந்தப் பாண்டியன் அவையில் வெளியிடப்பட்டது, அதைக் கேட்டு ஆராய்ந்தவர் யார், நூலாசிரியர் முன்பு எதைக் கற்றிருந்தார் என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. கேட்டவர் அதங்கோட்டாசான். கற்றது ஐந்திரம் என்னும் இலக்கணம். இன்றைய வானொலி மொழியில் சொன்னால், இது ஒரு நூல் வெளியீட்டின் சுருக்கமான பதிவு. நூலாசிரியர்மேல் யாருடைய செல்வாக்கு இருந்தது என்ற கேள்விக்கான பதிலும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலை எழுதியபோது இதை ஒழுங்கான பட்டியலாகவே தந்துவிட்டார். நூலை இயற்றியவர் பெயர், அது வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, சொல்ல வந்த பொருள், கேட்போர், பயன் என்று எட்டு. எழுதிய காலம், அரங்கேறிய களம், எழுதக் காரணம் என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு என்கிறார். ஆக மொத்தம் பதினொன்று. கணக்கு வேலை பார்க்கும் என் போன்றவர்களுக்கு இது பழக்கமான சங்கதிதான். ஒரு பற்றுச்சீட்டில் பெயர், திகதி, இடம், காரணம் ஆகியவற்றில் ஒன்று விடுபட்டாலும் கணக்காய்வின்போது அது நிற்காது. நம் இலக்கண ஆசிரியர்கள் நூலுக்கும் அப்படியொரு ஆதாரம் கேட்டிருக்கிறார்கள்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இந்தப் பதில்களை நூலாசிரியரே சொல்லக்கூடாது. அவருடைய ஆசிரியர், உடன் கற்றவர், மாணவர், தகுதியான உரைகாரர் ஆகிய நால்வரில் ஒருவர்தான் சொல்ல வேண்டும். எவ்வளவு அரிய நூலைச் செய்தவராயினும் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகாது என்று நன்னூல் காரணமும் கூறுகிறது. அதோடு நிற்காமல் விலக்குகளையும் வைக்கிறது. அரசன் அவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில் நிற்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய வேளையில், எதிராளி தன்னைப் பழித்தபோது தன்னைப் பற்றிச் சொல்லலாம். இவற்றுள் இரண்டாவதைக் கவனியுங்கள். நம்மை அறியாதவர்கள் நடுவில் வாழ்வது என்பது புலம்பெயர்ந்தவர்களின் அன்றாடம். அப்படிப் பார்த்தால், இங்கே ஒரு தமிழ் எழுத்தாளர் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து தன்னைப் பற்றிப் பேசுவதற்கு நன்னூலே அனுமதி தந்திருக்கிறது.

நால்வர் சாட்சி சொல்லும் மரபு பாயிரத்தோடு முடிந்துவிடவில்லை. உ. வே. சாமிநாதையர் தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். அது மாணவர் சொன்ன சாட்சி. புதுமைப்பித்தன் 1948ஆம் ஆண்டு, 42 வயதில் இறந்தார். அவருடைய நண்பர் தொ. மு. சி. ரகுநாதன் 1951ஆம் ஆண்டிலேயே அவர் வரலாற்றை எழுதி முடித்தார். அது உடன் இருந்தவர் சொன்ன சாட்சி. இவ்விருவரும் எழுதாமல் இருந்திருந்தால், அந்த இரண்டு பெரியவர்களையும் பற்றி நாம் அறிந்தவை மிகக் குறைவாகவே இருந்திருக்கும்.

நாம் வாழும் இந்தப் பலெர்மோவிலும் இதே கதை நடந்திருக்கிறது. 'சிறுத்தை' என்று பொருள்படும் பெயர் கொண்ட 'இல் கத்தோபார்தோ' நாவலை எழுதிய ஜுசேப்பே தொமாசி தி லம்பெதூசா 1896ஆம் ஆண்டு இங்கே பிறந்தவர். பெரிய பிரபுக் குடும்பம். 1943ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் அவர்களுடைய மாளிகை அழிந்தது. அவர் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை வாசிப்பிலேயே கழித்தார். எழுதியது கடைசிச் சில ஆண்டுகளில்தான். நாவலை இரண்டு பெரிய பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. 1957 ஜூலையில் அவர் இறந்துவிட்டார். நூல் வெளிவந்தது 1958 நவம்பரில். அடுத்த ஆண்டு இத்தாலியின் பெரிய இலக்கியப் பரிசான ஸ்த்ரேகா அதற்குக் கிடைத்தது. வாசகர்கள் ஆயிரம் கேள்விகளோடு வந்தபோது பதில் சொல்ல ஆசிரியர் இல்லை.

ஆனால் ஒரு மாணவர் இருந்தார். 1953ஆம் ஆண்டு முதல் லம்பெதூசா பலெர்மோ இளைஞர்கள் சிலருக்கு ஆங்கில இலக்கியத்தையும் பின்னர் பிரெஞ்சு இலக்கியத்தையும் தம் வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். சம்பளம் இல்லை, சான்றிதழ் இல்லை. அந்த இளைஞர்களில் ஒருவர் பிரான்செஸ்கோ ஒர்லாண்டோ. பிற்காலத்தில் பெரிய இலக்கியத் திறனாய்வாளர் ஆனவர். அவர் 1963ஆம் ஆண்டு தன் ஆசிரியரைப் பற்றிய நினைவுகளைச் சிறு நூலாக எழுதினார். லம்பெதூசா எதை வாசித்தார், எதை எப்படி விளக்கினார் என்பதை அறிய வாசகர்கள் இன்றும் அதைத் தேடிப் போகிறார்கள். பவணந்தி சொன்ன 'தன் மாணாக்கன்' சிசிலியிலும் தன் கடனைச் செய்திருக்கிறார்.

நூலாசிரியரே நேரில் பதில் சொல்லும் முறை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் ஓர் இலக்கிய வகையாக நிலைபெற்றது. 1953ஆம் ஆண்டு தொடங்கிய 'பாரிஸ் ரிவியூ' இதழ் தன் முதல் இதழிலேயே ஈ. எம். ஃபார்ஸ்டரின் நீண்ட செவ்வியை வெளியிட்டது. அந்த இதழின் செவ்விகளைப் பார்த்துப் பல மொழிகளில் பலர் இந்த வகையைக் கற்றுக்கொண்டார்கள். சிசிலியில் லெயொனார்தோ ஷாஷா, பிரெஞ்சுப் பத்திரிகையாளர் மார்செல் படோவானியுடன் உரையாடியது 'உருவகமாகச் சிசிலி' என்ற பொருள்படும் தலைப்பில் 1979ஆம் ஆண்டு நூலாக வந்தது. ஷாஷா ரக்கல்முத்தோ என்ற கந்தகச் சுரங்க ஊரில் பிறந்தவர். பின்னர் பலெர்மோவில் குடியேறி 1989ஆம் ஆண்டு இங்கேயே காலமானவர். 1969ஆம் ஆண்டு எல்விரா, என்ட்சோ செல்லேரியோ தம்பதியர் இந்நகரில் தொடங்கிய செல்லேரியோ பதிப்பகத்துக்கு அவர் பெரிய துணையாக இருந்தார். லிபெர்த்தா வீதியில் நடந்து போகும் நம்மவர்கள், அந்தப் பதிப்பகம் அங்கிருந்து சில நிமிட நடையில் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஈழத்தில் டொமினிக் ஜீவா 1966ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் 'மல்லிகை' இதழைத் தொடங்கினார். முடிதிருத்தும் தொழில் செய்துகொண்டே இதழ் நடத்தியவர். மல்லிகையின் அட்டையில் படைப்பாளிகளின் படங்களை வெளியிட்டு, உள்ளே அவர்களைப் பற்றி வேறொருவரைக் கொண்டு எழுதுவித்தார். அந்தக் கட்டுரைகள் பின்னர் நூல்களாகவும் வந்தன. பாயிர மரபின் தொடர்ச்சி என்றே அதைச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் நாடகாசிரியர் கோமல் சுவாமிநாதன் 1991ஆம் ஆண்டு முதல் 1995இல் தாம் இறக்கும் வரை 'சுபமங்களா' இதழுக்கு ஆசிரியராக இருந்தார். 'தண்ணீர் தண்ணீர்' நாடகத்தை எழுதியவர் என்றால் பலருக்கும் உடனே தெரியும். எழுத்தாளர்களுடனான நீண்ட நேர்காணல்களை அவர் அந்த இதழின் முகமாகவே ஆக்கினார். ஒருவரோடு ஒருவர் முகம்கொடுத்துப் பேசாத இலக்கிய அணிகள் எல்லாம் அந்தப் பக்கங்களில் வந்து பேசின. அவை நூலாகத் தொகுக்கப்பட்டபின் இன்றும் தேடி வாசிக்கப்படுகின்றன.

இந்த வரிசையில் நமக்கு மிக நெருங்கிய பெயர் அ. முத்துலிங்கம். 1937ஆம் ஆண்டு கொக்குவிலில் பிறந்தவர். தொழிலால் பட்டயக் கணக்காளர். ஐக்கிய நாடுகள் சபைப் பணியில் ஆபிரிக்க, ஆசிய நாடுகள் பலவற்றில் இருந்துவிட்டுக் கனடாவில் குடியேறினார். 1964ஆம் ஆண்டு 'அக்கா' என்ற சிறுகதைத் தொகுப்பை வெளியிட்டவர், பிற நாட்டு எழுத்தாளர்களைத் தேடிச் சென்று சந்தித்து எழுதிய உரையாடல்களை 2006ஆம் ஆண்டு 'வியத்தலும் இலமே' என்ற நூலாக்கினார். அந்தத் தலைப்பு கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடலிலிருந்து வந்தது. பெரியோரைக் கண்டு மலைத்துப்போவதும் இல்லை, சிறியோரை இகழ்வதும் இல்லை என்பது அப்பாடலின் கருத்து. செவ்வி எடுப்பவருக்கு இதைவிட நல்ல அறிவுரை கிடையாது. வியந்துகொண்டே இருப்பவர் கேள்வி கேட்க மாட்டார். இகழ்பவர் பதிலைக் கேட்க மாட்டார். அதே ஆண்டில் அவர் தொகுத்த 'கடிகாரம் அமைதியாக எண்ணிக்கொண்டிருக்கிறது' என்ற நூலில் எழுத்தாளர்கள் தமக்குப் பிடித்த நூல்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நன்னூல் 'வழி' என்று கேட்டதற்கு ஒரு நூல் நிறையப் பதில்.

அச்சில் வரும் செவ்வியைவிட வானொலிச் செவ்விக்கு என்ன கூடுதல் பயன் என்று சிலர் கேட்கக்கூடும். அச்சில் பதில் திருத்தப்பட்டு வருகிறது. வானொலியில் தயக்கமும் சேர்ந்து வருகிறது. 'உங்களை எழுத வைத்தவர் யார்?' என்று கேட்டால் முதலில் ஒரு பெரிய பெயர் வரும். சற்றுப் பொறுத்திருந்தால், விடிய விடியக் கூத்துப் பார்க்கக் கூட்டிப்போன பெரியப்பாவோ, வாசிக்கத் தெரியாமலே கதை சொன்ன அம்மம்மாவோ வருவார்கள். அந்த இடைவெளியைப் பத்திரிகை காட்டாது.

சாதாரண மக்களின் குரலுக்கு இங்கே எளிதில் வழி கிடைத்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பலெர்மோவிலிருந்து அதிக தூரமில்லாத பார்த்தினிக்கோவில் தனிலோ தோல்ச்சி என்ற சமூகப் பணியாளர் இருந்தார். பலெர்மோ ஏழைகளின் வாய்மொழிகளைக் கேட்டு எழுதி 1956ஆம் ஆண்டு நூலாக்கியவர் அவர். 1968 ஜனவரியில் பெலிச்சே பள்ளத்தாக்கை நிலநடுக்கம் அழித்தது. இரண்டு ஆண்டுகள் கடந்தும் மக்கள் தற்காலிகக் குடில்களிலேயே கிடந்தார்கள். ஒலிபரப்பு முழுவதும் அரசின் கையில் இருந்த காலம் அது. 1970 மார்ச் 25ஆம் திகதி தோல்ச்சியும் நண்பர்களும் அனுமதியின்றி ஒரு வானொலியைத் தொடங்கி அம்மக்களின் நிலையைச் சொன்னார்கள். ஒரு நாளைக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் பொலிஸார் உள்ளே புகுந்து அதை நிறுத்தினார்கள். 1976ஆம் ஆண்டு அரசியலமைப்பு நீதிமன்றம் உள்ளூர் ஒலிபரப்பைத் தனியாரும் செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. சிறு வானொலிகள் இந்நாட்டில் தடையின்றிப் பேச முடிவது அதற்குப் பிறகுதான்.

இதையெல்லாம் இப்போது சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1981ஆம் ஆண்டு மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. அந்த நூல்கள் சிலவற்றுக்கு வேறு படிகள் உலகில் எங்காவது இருந்திருக்கும். எழுதியவர்களின் நினைவுக்கு வேறு படி கிடையாது. 1980களில் இந்த நகருக்கு வந்து, வீட்டு வேலையும் துப்புரவு வேலையும் செய்துகொண்டே கொப்பிகளில் கவிதையும் நாடகமும் எழுதியவர்கள் இன்று முதுமையில் இருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் பலர் தமிழைக் கேட்டு விளங்கிக்கொள்வார்கள், வாசிக்கச் சிரமப்படுவார்கள். தாத்தாவின் கொப்பி அந்தப் பிள்ளைக்குப் பூட்டிய பெட்டி. தாத்தாவின் குரல் அப்படியல்ல.

ஆகவே நேயர்களே, உங்கள் வீட்டிலோ அயலிலோ எழுதுகிறவர் ஒருவர் இருந்தால், அவரை யாராவது வந்து செவ்வி காணட்டும் என்று காத்திராதீர்கள். கைத்தொலைபேசியிலேயே நல்ல ஒலிப்பதிவு செய்யலாம். மேலே சொன்ன பதினொரு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'வழி', 'காரணம்' ஆகிய இரண்டையும் அவசரப்படாமல் கேளுங்கள். இடையில் அவர் பேசாமல் இருந்தால் இருக்கட்டும், நீங்கள் நிரப்ப வேண்டாம். பதிவின் தொடக்கத்தில் பெயரையும் திகதியையும் இடத்தையும் உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு இடங்களில் படி எடுத்து வையுங்கள். மற்றதை அடுத்த மாத உரையில் கதைப்போம்.