பாடசாலை அனுமதி எல்லை: காத்தான்குடி

இலங்கையில் பாடசாலைகளுக்கு வரைபடத்தில் கோடு கிழித்த எல்லை கிடையாது. தரம் 1 அனுமதியில் வதிவிடத்துக்குப் புள்ளி உண்டு. விண்ணப்பித்த பாடசாலையைவிட வீட்டுக்கு அருகில் வேறு ஆரம்பப் பாடசாலைகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி குறையும். வீடுகள் நெருங்கிய காத்தான்குடியில் ஒரு தெருவில் புதிதாக ஆரம்பப் பிரிவு திறந்தாலே எல்லை மாறியதாகிவிடும். வதிவிடத்தை நிரூபிக்க, ஐந்து வயதுப் பிள்ளைக்காகக் காணி உறுதியும் வாக்காளர் இடாப்பும் மின்கட்டணப் பட்டியலும் தேடப்படுகின்றன.

ஏற்கெனவே படிக்கும் மூத்த பிள்ளையை இந்த எல்லை மாற்றம் வெளியேற்றாது. தம்பிக்கு மட்டும் தூரக் கணக்கு புதிதாகத் தொடங்கும்; உடன்பிறப்புப் பிரிவு ஓரளவு கைகொடுக்கும். தரம் 6இல் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியே பிரபல பாடசாலைகளின் வாசலைத் திறக்கும். உயர்தரத்தில் சாதாரணதரப் பெறுபேறும் பாடப்பிரிவும் முன்னிற்கும்.

வலய எல்லை வேறு விடயம். மட்டக்களப்பு மத்தி கல்வி வலயம் காத்தான்குடியை, மட்டக்களப்பு நகருக்கு வடக்கே உள்ள ஏறாவூர், ஓட்டமாவடிப் பகுதிகளுடன் இணைக்கிறது. இடையில் வேறு வலயம். நிர்வாகத்துக்கு இது சிரமமான அமைப்பு. ஆனால் பல்கலைக்கழக ஒதுக்கீடு மாவட்டவாரியானது. வலயம் மாறினாலும் மாணவரின் மாவட்டம் மட்டக்களப்பே.